தாமதமா, ரத்தா? விமானப் பயணியின் இழப்பீட்டு உரிமை வந்த வழி



"தாமதம்", "ரத்து". இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன வேறுபாடு என்று படிவம் 1 மாணவரிடம் கேட்டாலும் தடுமாற மாட்டார். ஒன்று பிந்தி நடப்பது, மற்றது நடக்காமலே போவது. அவ்வளவுதானே? 2023 டிசம்பர் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பள்ளி விடுமுறையில் துறையூர்ப் பக்கத்தில் என் அத்தை தவறிவிட்டார். அப்பாவுக்கு ஒரே அக்கா. அறுபதுகளின் கடைசியில், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, தோட்டத்து வேலை போய், மாமாவோடு ராஜுலா கப்பலேறி ஊருக்குத் திரும்பியவர். அப்பா அவரைக் கடைசியாகப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம்" என்று போனில் சொன்னார்கள். இரவோடிரவாக டிக்கெட் போட்டோம். கோலாலம்பூரில் காலை 9 மணிக்கு ஏறினால் இந்திய நேரம் பத்தரைக்குத் திருச்சி. போதுமான நேரம் இருந்தது.

ஏர்போர்ட்டுக்குப் போனால் திரையில் புது நேரம்: மாலை 6.

அப்பா கவுண்டருக்குப் போய்க் கேட்டார். "காரியமே முடிஞ்சிடும்மா. எங்க காசத் திருப்பிக் குடுத்திடுங்க, வேற விமானம் பார்த்துக்கிறோம்." அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். "ஃபிளைட் ரத்தாகல அங்கிள், டிலேதான். ரத்தானாத்தான் காசு திரும்பக் கிடைக்கும்." சாப்பாட்டுக் கூப்பன் இரண்டு நீட்டினார். மறுபடியும் டிக்கெட் வாங்க எங்களிடம் பணம் இல்லை. காத்திருந்து போனோம். மறுநாள் பால் தெளிக்கத்தான் போய்ச் சேர முடிந்தது.

எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வந்தது. பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அன்றைய விதிப்படி அவர் சொன்னது சரி. ஒன்பது மணி நேரமானாலும் அது "தாமதம்"தான். இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளை யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்ற கேள்வியில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும், வாதக் கட்டுரைக்குச் சான்று தேடும் மாணவர்களுக்கும் இதில் தீனி இருக்கிறது.

அளவில்லாத ஒரு சொல்

கதை 1929-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், போலந்தின் தலைநகர் வார்சாவில் அனைத்துலக விமானப் பயணம் பற்றிய ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1933-இல் நடைமுறைக்கு வந்தது. விமானம் விழுந்து பயணி இறந்தால் யார் பொறுப்பு, பெட்டி தொலைந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் முக்கியக் கவலை. ஆனால் அதன் 19-ஆவது விதியில், தாமதத்தால் உண்டாகும் இழப்புக்கும் விமான நிறுவனமே பொறுப்பு என்று எழுதி வைத்தார்கள்.

அப்படியானால் உரிமை அப்போதே வந்துவிட்டதே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். அடுத்த விதியைப் படியுங்கள்: தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம், அல்லது எடுக்க முடியாத நிலை இருந்தது என்று நிறுவனம் காட்டிவிட்டால் பொறுப்பு இல்லை. அதோடு, எத்தனை மணி நேரம் பிந்தினால் "தாமதம்" என்று எங்குமே சொல்லவில்லை. இரண்டு மணியா, இரண்டு நாளா? சொல் இருந்தது, அளவு இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. பயணி தனக்கு என்ன இழப்பு என்று கணக்குக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் கைநழுவிய வியாபாரி காட்டிவிடுவார். என் அப்பா எதைக் காட்டுவார்?

இப்படி எழுதியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு விமானத் தொழில் தவழும் குழந்தை. ஒரே ஒரு விபத்தில் ஒரு நிறுவனம் மூழ்கிவிடும். அதனால்தான் ஒரு பயணிக்குப் பொறுப்பின் உச்சவரம்பு 125,000 தங்க பிராங்க் என்று வேலி போட்டார்கள். உடன்படிக்கையின் நோக்கத்தில் பாதி பயணியைக் காப்பது என்றால், மறுபாதி நிறுவனத்தைக் காப்பது.

நம் பக்கம் அப்போது என்ன நிலைமை? சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு மூன்றையும் இணைத்து வேர்ன்ஸ் நிறுவனம் விமானம் விடத் தொடங்கியதே 1937-இல்தான். நம் தாத்தா பாட்டிகள் கப்பலில் வந்தவர்கள். கடல் கொந்தளித்தால் ஒரு நாள், துறைமுகத்தில் தனிமை முகாம் என்றால் இன்னும் சில நாள். "என் நேரம் போச்சு, காசு குடு" என்று அந்தக் கப்பலில் யாராவது கேட்டிருப்பார்களா? நேரத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம் என்பது மிகப் பிந்திய எண்ணம். அது எப்படி வந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

கூட்டத்துக்குப் போக முடியாத ஒருவர்

1972 ஏப்ரல் 28. அமெரிக்காவில் நுகர்வோர் உரிமைக்காகப் பெயர் பெற்ற ரால்ஃப் நேடர், வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்குப் போக அலகெனி ஏர்லைன்ஸ் விமானத்துக்கு வந்தார். கையில் உறுதி செய்யப்பட்ட டிக்கெட். ஆனால் ஏற இடமில்லை என்றார்கள். இருக்கைகளைவிட அதிகமான டிக்கெட்டுகள் விற்கப்பட்டிருந்தன. ஹார்ட்ஃபோர்டில் நண்பகலுக்கு ஒரு நிதி திரட்டும் கூட்டம், அதற்கு அவரே பேச்சாளர். போக முடியவில்லை.

இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்பது, அதாவது ஓவர்புக்கிங், தவறுதலாக நடப்பதல்ல. டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்படியும் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு வேண்டுமென்றே செய்வது. கல்யாண வீட்டில் அழைத்த அத்தனை பேருக்கும் இலை போட மாட்டோம் இல்லையா, அதே கணக்கு. எல்லாரும் வந்து நின்றால்தான் வம்பு. வெளியே நிறுத்தப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்ற அரசு விதி அமெரிக்காவில் 1967-லிருந்தே இருந்தது. அந்தத் தொகையை நேடருக்கும் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. "நீங்கள் அதிகமாக விற்பதை என்னிடம் மறைத்தீர்கள்" என்று வழக்குப் போட்டார்.

1976-இல் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. விதியில் சொன்ன தொகையோடு கதை முடிந்துவிடாது, மறைத்து விற்றதற்காகப் பயணி நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. முதலில் கீழ் நீதிமன்றம் அவருக்கு உண்டான இழப்பு என்று கணித்தது எவ்வளவு தெரியுமா? வெறும் 10 டாலர். அதன்மேல் தண்டனையாக 25,000 டாலர் போட்டது. அந்தத் தண்டனைத் தொகை பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு நிற்கவில்லை. எனக்கு அந்தப் 10 டாலர்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பயணியின் கெட்டுப்போன நாளை ரசீதுகளை மட்டும் வைத்து அளந்தால் இவ்வளவுதான் வரும்.

இதே காலத்தில் இன்னொருவரும் இந்தச் சிக்கலை யோசித்துக்கொண்டிருந்தார். ஜூலியன் சைமன் என்ற பொருளியல் அறிஞர். வந்தவர்களில் யாரை வெளியே நிறுத்துவது என்று நிறுவனம் ஏன் தீர்மானிக்க வேண்டும்? "எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள்?" என்று பயணிகளையே கேட்டு, குறைந்த தொகை சொன்னவர்களுக்கு அதைக் கொடுத்துவிடலாமே என்று 1968-இல் எழுதினார். விமான நிறுவனங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து ஆண்டு கழித்து, விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவராக ஆல்ஃபிரட் கான் இருந்தபோதுதான், முதலில் விருப்பமுள்ளவர்களைத் தேடு, பிறகுதான் கட்டாயப்படுத்து என்பது 1978-இல் விதியானது. இன்றைக்கும் நுழைவாயிலில் "யாராவது அடுத்த விமானத்தில் போகத் தயாரா?" என்று அறிவிப்பதைக் கேட்டால் சைமனை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத கல்லூரி மாணவர் பணம் வாங்கிக்கொண்டு காத்திருப்பார். சாவு வீட்டுக்குப் போகிறவர் ஏறிவிடுவார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் ஏற விடாமல் நிறுத்தப்பட்டவர்களுக்கு. ஏறிய பின், அல்லது ஏறக் காத்திருக்கையில், விமானமே பிந்தினால்? உள்நாட்டுத் தாமதத்துக்கு இவ்வளவு பணம் என்ற சட்டம் அமெரிக்காவில் இன்றும் இல்லை. அந்த அடியை எடுத்து வைத்தது ஐரோப்பா.

சொல்லை நீதிமன்றம் அளந்தது

ஐரோப்பாவும் ஏற மறுக்கப்பட்டவர்களிலிருந்துதான் தொடங்கியது. 1991-இல் வந்த விதி 3,500 கிலோமீட்டர் வரைக்கும் ஒரு தொகை, அதற்கு மேல் அதைப்போல் இரு மடங்கு என்று வைத்தது. இழப்பை நிரூபி என்று கேட்காமல், தூரத்தைப் பார்த்து நிலையான தொகை. இதுதான் பெரிய மாற்றம். 2004 பிப்ரவரி 11-இல் அதை விரிவாக்கி, 261 என்ற எண்ணுள்ள ஒழுங்குவிதியை ஐரோப்பிய ஒன்றியம் இயற்றியது. 2005 பிப்ரவரி 17 முதல் அமல். தூரத்துக்கு ஏற்ப 250, 400, 600 யூரோ. ஏற மறுத்தால் உண்டு. கடைசி நேரத்தில் ரத்தானாலும் உண்டு.

தாமதமானால்? சாப்பாடு, தொலைபேசி, தேவையானால் தங்குமிடம். ஐந்து மணி நேரம் தாண்டினால், போகாமலே டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த 250, 400, 600 மட்டும் "தாமதம்" என்ற சொல்லுக்கு நேராக எழுதப்படவில்லை.

விமான நிறுவனங்கள் முதலில் சட்டத்தையே எதிர்த்தன. வார்சாவுக்குப் பதிலாக 1999-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்துவிட்டது, தாமதம் பற்றி அதுவே சொல்கிறது, அதற்கு மேல் நீங்கள் எழுத முடியாது என்று வாதாடின. 2006 ஜனவரியில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அது சொன்ன காரணத்தை நிதானமாகப் படியுங்கள், தர்க்கம் அழகானது. ஒரு விமானம் பிந்தினால் இரண்டு வகை இழப்பு வருகிறது. ஒன்று, அதில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரியானது. பசி, காத்திருப்பு, படுக்க இடமின்மை போன்றவை. மற்றது ஆளுக்கு ஆள் மாறுவது. மாண்ட்ரியல் உடன்படிக்கை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதுக்கு உடனடித் தீர்வு வைக்க ஐரோப்பாவுக்குத் தடையில்லை.

அடுத்த சண்டை "அசாதாரண சூழ்நிலை" என்ற சொற்றொடரில். எவ்வளவு முயன்றாலும் தவிர்க்க முடியாத அசாதாரண சூழ்நிலையால் ரத்தானது என்று காட்டினால் நிறுவனம் பணம் தர வேண்டாம். புயல் அசாதாரணம், சரி. எஞ்சின் பழுது? வியன்னாவிலிருந்து ரோம் வழியாக பிரிந்திசிக்குப் போக வேண்டிய ஒரு பெண்மணியும் அவர் குடும்பமும் புறப்படும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் விமானம் ரத்து என்று அறிந்தார்கள். அவர் அலிடாலியா நிறுவனத்திடம் கேட்டது 250 யூரோவும் தொலைபேசிச் செலவு 10 யூரோவும். அதற்காக ஒரு பெரிய நிறுவனம் நீதிமன்றப் படியேறியது. 2008 டிசம்பர் 22-இல் தீர்ப்பு: பழுது பார்ப்பது விமான நிறுவனத்தின் அன்றாட வேலை. அன்றாடம் நடப்பது எப்படி அசாதாரணமாகும்? உற்பத்தியிலேயே ஒளிந்திருந்த குறை, நாசவேலை போன்றவை வேறு. தமிழாசிரியருக்கு இதைவிட நல்ல சொற்பொருள் பாடம் கிடைக்குமா, சொல்லுங்கள்!

இப்போது நம் இரண்டு சொற்களுக்கு வருவோம். சட்டத்தில் ரத்துக்குப் பணம், தாமதத்துக்குப் பணமில்லை. அப்படியென்றால் ஒரு நிறுவனம் எந்தச் சொல்லைச் சொல்லும்? டொராண்டோவிலிருந்து பிராங்க்பர்ட் திரும்ப வேண்டிய ஒரு குடும்பம் 2005 ஜூலையில் சுமார் 25 மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தது. பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்து, ஓட்டலுக்கு அனுப்பி, மறுநாள் அழைத்து வந்தார்கள். குடும்பம் "ரத்து" என்றது. காண்டோர் நிறுவனம் "தாமதம்தான்" என்றது. எங்கள் கவுண்டரில் கேட்ட அதே வாக்கியம்!

2009 நவம்பர் 19-இல் வந்த தீர்ப்பு இரண்டு படிகளாக அமைந்தது. முதல் படியில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. பழைய திட்டப்படியே பறந்தால், எவ்வளவு நீண்டாலும் அது தாமதம்தான், ரத்து அல்ல. ஐயோ என்று நினைக்கும்போது இரண்டாவது படி. இழந்த நேரம் திரும்பி வராது. ரத்தானவனுக்கும் தாமதமானவனுக்கும் இழப்பு ஒன்றே. ஒரே நிலையில் இருப்பவர்களை வெவ்வேறாக நடத்துவது சமத்துவத்துக்கு விரோதம். ஆகவே மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்ந்தால், அசாதாரண சூழ்நிலை இல்லாதவரை, தாமதத்துக்கும் அதே தொகை. 1929-இல் அளவில்லாமல் நின்ற சொல்லுக்கு எண்பது ஆண்டு கழித்து ஓர் அளவு கிடைத்தது.

சட்டத்தில் எழுதாத ஒன்றை நீதிபதிகள் எழுதலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். நிறுவனங்கள் அதைத்தான் கேட்டன. 2012 அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு பழைய தீர்ப்பை உறுதி செய்தது. வாதக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம், இரண்டு பக்கமும் வலுவான காரணம் உண்டு. என்னைக் கேட்டால், எங்கள் கதை தெரிந்த பிறகு நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று மணி என்றால் எப்போது வரை எண்ணுவது என்று அடுத்த சண்டை. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோனுக்குப் போன ஒரு விமானம் 2 மணி 58 நிமிடம் பிந்தி ஓடுபாதையைத் தொட்டது. நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றபோது 3 மணி 3 நிமிடம். சக்கரம் தரையைத் தொட்டதே "வருகை" என்றது நிறுவனம். அப்படியானால் ஒரு காசும் தர வேண்டாம். 2014 செப்டம்பர் 4-இல் நீதிமன்றம் சொன்னது: பயணிகள் இறங்கலாம் என்ற நிலையில் ஒரு கதவாவது திறக்கும் நேரமே வருகை நேரம். கதவு திறக்கும்வரை பயணி மூடிய அறையில் அடைபட்டவர், தன் வேலையைப் பார்க்கவோ வேண்டியவரோடு பேசவோ அவருக்குச் சுதந்திரமில்லை என்பது காரணம்.

எரிமலைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானம் பல நாள் மூடிக்கிடந்தது. அசாதாரணம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆகவே இழப்பீடு இல்லை. ஆனால் போர்த்துகலில் ஒரு வாரம் சிக்கிய ஒரு டப்ளின் பயணி சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் செலவான சுமார் 1,130 யூரோவை ரயன்ஏரிடம் கேட்டார். 2013 ஜனவரியில் தீர்ப்பு: இழப்பீடு வேறு, கவனிப்பு வேறு. எரிமலையே வெடித்தாலும் பயணியைப் பட்டினி போடக் கூடாது.

இந்த மூன்று மணி நேரமும் கல்லில் செதுக்கியதல்ல. 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அதை நான்கு மணி, தூரப் பயணத்துக்கு ஆறு மணி என்று தளர்த்த ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது.

நம் வீட்டில்

மாண்ட்ரியல் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2007-இலும் மலேசியாவில் 2008-இலும் நடைமுறைக்கு வந்தது. இதில் தாமதத்துக்கு ஒரு பயணிக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது 6,303 சிறப்பு எடுப்புரிமை. இது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. நம் காசில் 30,000 வெள்ளிக்கு மேல். பெரிய தொகையாகத் தெரிகிறதா? அது உச்சவரம்பு மட்டுமே. எவ்வளவு இழப்பை நிரூபிக்கிறீர்களோ அவ்வளவுதான் கிடைக்கும். வார்சாவின் பழைய சங்கடம் அப்படியே இருக்கிறது.

மலேசியாவில் 2016 மார்ச் 1-இல் வான்போக்குவரத்து ஆணையமான மாவ்கோம் பிறந்தது. அதே ஆண்டு ஜூலை 1-இல் வான்பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு நெறி அமலுக்கு வந்தது. இரண்டு மணி நேரம் பிந்தினால் உணவு, தொலைபேசி அழைப்பு, இணைய வசதி. ஐந்து மணியைத் தாண்டி இரவு தங்க வேண்டி வந்தால் ஓட்டலும் போக்குவரத்தும். ரத்தானால் பணம் திரும்ப, அல்லது வேறு விமானம். முதல் முறையாக நம் நாட்டில் "தாமதம்" என்ற சொல்லுக்கு எண் வந்தது. ஆனால் எவ்வளவு நீண்ட தாமதமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை அதில் இல்லை. அந்தப் பெண் எங்களிடம் சொன்னது இதைத்தான்.

2024 செப்டம்பர் 2-இல் நெறி திருத்தப்பட்டது. இப்போது ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால், பயணம் வேண்டாம் என்று சொல்லி டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறலாம். எந்த வழியில் பணம் கட்டினீர்களோ அதே வழியில், 30 நாளுக்குள். கடனட்டையில் கட்டியவருக்கு வவுச்சர் கொடுத்து அனுப்ப முடியாது. எங்களுக்கு ஒன்பது மாதம் பிந்தி வந்த திருத்தம். 2025 ஆகஸ்ட் 1 முதல் மாவ்கோமின் பணிகள் மலேசிய வான்போக்குவரத்து அதிகாரத்துவத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டன. பழைய பயிற்சித் தாள்களில் மாவ்கோம் என்று இருந்தால் ஆசிரியர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஐரோப்பா போல, நேரம் போனதற்காகவே ஒரு நிலையான தொகை என்பது இங்கே இன்னும் இல்லை. சிங்கப்பூரிலும் இல்லை. அங்கே டிக்கெட்டின் நிபந்தனைகளையும் மாண்ட்ரியலையும் வைத்துத்தான் கேட்க வேண்டும். தேவையானால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஐரோப்பிய விதி விமானம் எங்கிருந்து கிளம்புகிறது என்றும் பார்க்கிறது. பாரிசிலிருந்து கோலாலம்பூர் திரும்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் அதற்குள் வரும். கோலாலம்பூரிலிருந்து பாரிஸ் போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் வரும். ஒரே தூரம், ஒரே தாமதம், போகும்போது ஒரு சட்டம், வரும்போது ஒரு சட்டம். லண்டனிலிருந்து கிளம்பினாலும் ஏறத்தாழ இதே விதிதான், ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் பிரிட்டன் அதைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மாண்ட்ரியலின் 35-ஆவது விதி கண்ணில் பட்டது. இழப்பைக் கேட்க இரண்டு ஆண்டு கெடு. எங்கள் பயணத்துக்கு இரண்டு ஆண்டு நிறைய ஆறு வாரம் பாக்கி இருந்தது. திருச்சி ஏர்போர்ட்டில் எங்களுக்காகக் காலையிலிருந்து நின்ற வாடகைக் காருக்குக் கூடுதலாகக் கொடுத்த காசின் ரசீதை அப்பா எதற்கோ பத்திரப்படுத்தியிருந்தார். 2,800 ரூபாய். நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு முறை நினைவூட்டிய பிறகு அந்தத் தொகை வந்தது. அத்தை முகம் பார்க்காமல் போனதைப் பற்றி நான் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. மன வருத்தத்துக்கு மட்டும் இந்த உடன்படிக்கையில் இழப்பீடு இல்லை என்றுதான் பல நாட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

சென்ற மாதம் படிவம் 5 வகுப்பில் அந்தச் சால்ஸ்பர்க் வழக்கைத் தீர்ப்பைச் சொல்லாமல் கொடுத்து, "வந்து சேர்தல் என்பது எந்த நொடி? ஒரு பத்தியில் காரணத்தோடு எழுதுக" என்றேன். சக்கரம் தொடும்போது என்றனர் சிலர், விமானம் நிற்கும்போது என்றனர் சிலர். பின்வரிசை மாணவி ஒருவர் எழுந்து, "பெட்டி கைக்கு வந்தாத்தான் டீச்சர் வந்து சேர்ந்த மாதிரி" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் விடவில்லை. மணி அடிக்கும்வரை வாதம் ஓடியது. கதவு என்ற பதிலை யாரும் சொல்லவில்லை. அதை மறுநாள் பாடத்துக்கு வைத்துக்கொண்டேன்.